இரண்டு படிவங்கள்

மேசையில் இரண்டு படிவங்கள்.
ஒரே கேள்விகள், ஒரே கட்டங்கள்.
ஒன்றில் பரிதி என்று எழுதினேன்,
மற்றதில் நறுமுகை.
வயது என்ற இடத்தில்
பேனா வழக்கம்போல் நின்றது.

பிறந்த கணக்கில் இரண்டு வயது.
பிறந்திருக்க வேண்டிய கணக்கில் இருபத்தொரு மாதம்.
நடுவே விழுந்த மூன்று மாதமும்
எட்மண்டனில் பனி கொட்டியது.
கண்ணாடிப் பெட்டியின் வட்டத் துளைக்குள்
கைவிட்டு, ஆளுக்கொரு விரலைக் கொடுத்துவிட்டு
உட்கார்ந்திருந்தோம், நானும் சேயோனும்.
அதை எந்த வயதில் சேர்ப்பது?

திராட்சையை இரு விரலால் எடுக்கிறாரா?
ஆம். சிலவேளை. இன்னும் இல்லை.

பரிதி எடுக்கிறான்.
எடுத்து ஹீட்டர் துளைக்குள் போடுகிறான்.
அதற்குக் கட்டம் இல்லை.

முகைக்குத் திராட்சை ஆகாது.
ஒரு மிடறு தண்ணீர்கூட
வழி தவறி நெஞ்சுக்குள் இறங்கிவிடும்.
வயிற்றில் ஒரு பொத்தான், அதில் ஒரு குழாய்,
மணிக்கு நாற்பது மில்லி.
கழுவிய சிரிஞ்சுகள்
இட்லித் தட்டின் குழிகளில் கவிழ்ந்து காய்கின்றன.
அதில் இட்லி வெந்து எத்தனை மாதமோ.

மில்வுட்ஸ் கடையில் ஒருத்தி கேட்டாள்,
"இரட்டையே? இவ தங்கச்சியோ?"
அக்கா என்றேன். இரண்டு நிமிடம் மூத்தவள்.
அவள் கண் குழாயில் போய் நின்றது.
"ஒரு நேர்த்தி வையுங்கோ, எல்லாம் சரிவரும்."
நான் கறிவேப்பிலையின் விலையைப் பார்த்தேன்.
ஒரு கொத்து மூன்று டொலர்.

தேவையைத் தெரிவிக்க ஒலி எழுப்புகிறாரா?

கட்டைவிரல் அளவு இதயத்தில்
ஒரு துளையை மூடப் போனார்கள்.
மூடினார்கள். போன வழியில்
ஒரு நரம்பு கன்றிப்போனது.
அன்று முதல் என் மகளின் அழுகைக்குச் சத்தமில்லை.
வாய் திறக்கும். முகம் சிவக்கும்.
கண்ணீர் வழிந்து காதுக்குள் நிறையும்.
அறையில் கேட்பது
அடுத்த அறை ஃபிரிட்ஜின் உறுமல் மட்டும்.

இதை எழுதக் கை கூசுகிறது.

போன மாரியில் இரவுக்கு மூன்று முறை
பரிதி தொட்டில் கம்பியைப் பிடித்து நின்று கத்துவான்.
சேயோன் பனி வாரும் வண்டியோடு தெருவில்.
நான் தனியே எழும்பி வருவேன்.
பால் குடித்தாய், துணி ஈரமில்லை, காய்ச்சல் இல்லை,
உனக்கென்னடா குறை,
உன் அக்காவைப் பார், எவ்வளவு பேசாமல் கிடக்கிறாள்.
தோளை அழுத்திப் படுக்க வைத்துவிட்டுப் போவேன்.
அவன் மறுபடி எழுந்து நிற்பான்.

ஒரு நாள் விளக்கைப் போட்டேன்.
அவன் என்னைப் பார்க்கவில்லை.
கம்பிக்கு வெளியே நீண்ட கை
மற்றத் தொட்டிலைக் காட்டிக்கொண்டிருந்தது.
அங்கே அவள்,
காதிரண்டும் நனைந்து,
குழாய் கழன்று, பால் முதுகின்கீழ் ஊறி,
வாயைத் திறந்தபடி.

எத்தனை இரவுகள்.

அவன் படிவம் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.
ஆம், ஆம், ஆம் என்று
ஆளை நிமிர்ந்து பாராமலே போட்டுவிடுவேன்.
இன்று மெதுவாகப் போகிறேன்.
படி ஏறுகிறானா. பந்து உதைக்கிறானா.
இரண்டு சொல் சேர்த்துப் பேசுகிறானா.
தெரியாது என்றொரு கட்டம் வைத்திருக்கலாம்.

அவளுடையதில்
ஒலி எழுப்புகிறாரா என்ற இடத்தில்
ஆம் என்று கோடிட்டேன்.
ஓரத்தில் நுணுக்கி எழுதினேன்: தம்பியின் வாயால்.
சிகிச்சைக்கார மார்லீன் இதை எப்படிக் கூட்டுவாளோ
எனக்குத் தெரியாது.

மூன்று நாற்பதுக்குப் பம்ப் கத்துகிறது.
எங்கோ குழாய் மடிந்திருக்கிறது.
அறைக்குள்ளிருந்து ஒரு சின்னக் குரல்
அதே சுருதியில் அதற்குப் பதில் சொல்கிறது,
பீ, பீ, க்கா.

வருகிறேன் என்கிறேன்,
இருவருக்கும் கேட்கும்படி.
பேனா உருண்டு
மேசைக்கடியில் எங்கோ போகிறது.